பால் காய்ச்சாத வீடு

திண்டிவனத்தில் கிடங்கல் பக்கம் லைன்மேன் சக்கரபாணி வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கிழக்குப் பார்த்த வாசல், மூன்று படி, பக்கச் சுவரை ஒட்டி ஒரு முருங்கை. பத்திரத்தில் 2009 ஆவணியில் வாங்கியதாக இருக்கிறது. தெருவில் கேட்டாலோ, "அவுரு ஆனியிலியே வந்துட்டாரே" என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. வந்து ஐந்து வருடம் ஆகியும் அந்த வீட்டில் பால் மட்டும் காய்ச்சவில்லை. ஊர்ப்பட்ட புது வீடுகளுக்குக் கரண்டு கொடுத்த மனுஷன் தன் வீட்டுக்கு ஒரு சொம்பு பால் பொங்க வைக்காமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது.

சக்கரபாணி ஒலக்கூர்ப் பக்கத்துக் குடியானவர். மல்லாட்டையும் கேப்பையும் விளைந்த பங்கு நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து லைன்மேன் ஆனவர். புது வீடு குடிபோகிறவர்கள் ஐயரை அழைக்கிறார்களோ இல்லையோ, இவரை அழைத்துவிடுவார்கள். "லைன்மேன் கையால சுச்சு போடணும்" என்று நிற்க வைத்து, வெற்றிலை பாக்கு பழம் கொடுத்து அனுப்புவார்கள். அந்தப் பழத்தை வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்ததும் அவர் மனைவி செந்தாமரை கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "வாசப்படி எந்தப் பக்கங்க?"

கிழக்கு என்றால் தலையாட்டுவாள். தெற்கு என்றால், "பாவம், வேற எடம் கெடைக்கல போல" என்பாள். வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொந்த வீட்டுக்காரர்களுக்கு இரக்கப்படுகிற துணிச்சல் அவளுக்குத்தான் வரும். அதைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே சக்கரபாணி சில சமயம் கிழக்கு வாசலையும் தெற்கு என்று மாற்றிச் சொல்லுவார்.

சக்கரபாணியைப் பற்றி இன்னொன்று தெரிந்துகொள்ள வேண்டும். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் துணை மின்நிலையத்தில் அந்த லைனை நிறுத்திவிட்டு, நிறுத்தியாயிற்று என்று முறைப்படி எழுதி அனுமதி தருவார்கள். அதற்கு லைன் கிளியர், சுருக்கமாக எல்.சி., என்று பேர். 1986இல் பிரம்மதேசம் போகிற வழியில் மாசிலாமணி என்கிற கூட்டாளி, "ஆப் பண்ணியாச்சு, ஏறு" என்று யாரோ சொன்ன வாய்வார்த்தையை நம்பி ஏறினார். அவரைக் கீழே இறக்கியது சக்கரபாணிதான். அன்றிலிருந்து லைன் கிளியர் இல்லாமல் அவர் கம்பத்தில் கால் வைத்ததில்லை. மழையில் ஊரே இருட்டில் கிடந்து திட்டினாலும், கவுன்சிலரே வந்து கத்தினாலும், கம்பத்தடியில் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு நிற்பார். "பேப்பர் வரட்டும்" என்பார். அந்தப் பொறுமைதான் அவரை இருபத்தைந்து வருடம் உயிரோடு வைத்திருந்தது. அதே பொறுமை என்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

1993 ஐப்பசியில், வைத்தியத்துக்காகத் தன்னோடு வைத்திருந்த அப்பா இறந்துபோனார். திண்டிவனம் ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்போதைய வாடகை வீட்டுக்கார அம்மாள் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்றாள். "சாவு வுயுந்த வூடுன்னா அப்பறம் எவன் குடி வருவான்? ஊருக்கு எட்டுனு பூடுங்க" என்றாள். வேன் பிடித்து வருகிற வரைக்கும் அப்பாவைத் தெருவோரத்தில்தான் கிடத்த வேண்டியிருந்தது. தூறல் போட்டது. செந்தாமரை தன் குடையை மாமனார் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். சக்கரபாணிக்கு அந்த அவமானம் கடைசிவரை ஆறவில்லை.

வேனில் போகும்போது அவள் சொன்னாள்: "நம்பள்ல யாரும் இனிமே அடுத்தவன் வாசல்லேந்து போவக் கூடாதுங்க. ஒரு ரூமா இருந்தாலும் நம்புளுதா இருக்கணும்."

அவர் சரி என்றார். சொன்னது 1993. அதற்கு வழி பிறந்தது 2008. நடுவில் மகள் அம்பிகாவை முகையூரில் கட்டிக்கொடுத்தார்கள். அதற்காக ஊரில் இருந்த பங்கு வீட்டையும் அண்ணன் பேருக்கே எழுதிக் கொடுத்தாயிற்று. அதற்கப்புறம் ஊர் வாசலும் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் போயிற்று.

2008 ஐப்பசியில்தான் முனியம்மாள் வீடு விலைக்கு வந்தது. அவளும் சக்கரபாணி கரண்டு கொடுத்த வீட்டுக்காரிதான். கணவர் போன பிறகு அதே தெருக்கோடியில் மகன் கட்டிய மாடி வீட்டுக்குப் போய்விட்டாள். சக்கரபாணி குடியிருந்த வாடகை வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாதத்துக்கு ஒப்பந்தம் போட்ட அன்று செந்தாமரை முதல்முதலாக வீட்டைப் பார்த்தாள். சமையலறையைப் பார்க்கவில்லை, கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. வாசலில் நின்று நிலைக்கதவின் மேல் சட்டத்தைக் கையை உயர்த்தித் தொட்டுப் பார்த்தாள். கை எட்டவில்லை.

"நெல நல்லா ஒசரமா இருக்குதுங்க" என்றாள். "தூக்கிக்கினு போறப்ப இடிக்காது."

"இன்னா பேச்சு பேசற புள்ள, நல்ல நாள் அதுவுமா" என்று சக்கரபாணி அதட்டினார். முனியம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அன்றைக்கே இரண்டு பெண்களும் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்ன பெரியவர்கள் வீட்டுக்கடன் கம்பெனியைப் பார்த்ததில்லை. விழுப்புரத்தில் ஒரு கம்பெனி. பேர் எதற்கு, எல்லாம் ஒரே குட்டையில் ஊறியவைதான். அங்கே சக்கரபாணியின் ஃபைலைப் பார்த்துக்கொண்டவர் இருதயராஜ். முகம் சுளிக்காத மனுஷர். போனதும் நாற்காலி போடுவார், டீ வரவழைப்பார், கடைசியில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுவார்: "எல்லாம் ஓக்கே சார். ஒரே ஒரு பேப்பர்தான்."

முதலில் சம்பளச் சீட்டு. அப்புறம் முப்பது வருட வில்லங்கச் சான்று. வீட்டை மதிப்புப் போட வரவேண்டிய இன்ஜினியர் ஐந்து வாரம் கழித்து வந்து ஐந்தே நிமிடம் பார்த்துவிட்டுப் போனார். கம்பெனி வக்கீல் மூலப் பத்திரம் கேட்டார். அது கரையான் அரித்திருந்ததால் பதிவு அலுவலகத்தில் நகல் எடுக்க மூன்று வாரம். நகல் வந்ததும் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட மாதிரி முனியம்மாள் கணவருக்கு ஒரு தங்கை புறப்பட்டாள். அவளுக்கு உரிமை இல்லை என்று கையெழுத்து வேண்டுமாம். அந்தத் தங்கை மரக்காணத்தில் இருந்தாள். அண்ணன் சாவுக்குத் தன்னை முறையாக அழைக்கவில்லை என்று ஆறு வருடமாகக் கோபம். முனியம்மாளே ஒரு புடவை வாங்கிக்கொண்டு போய்க் காலில் விழாத குறையாகக் கையெழுத்து வாங்கி வந்தாள்.

அதையும் கொண்டுபோய்க் கொடுத்தபோது இருதயராஜ் டீ வரவழைத்தார்.

"ஃபைலு சென்னைக்குப் போயிடும் சார். ஒரே ஒரு பேப்பர். உங்க சம்பளச் சீட்டு மூணு மாசத்துக்கு மேல பழசாயிடுச்சி. வில்லங்கமும் பழசு. புதுசா ஒன்னு குடுத்துடுங்க."

"அது பழசானது யாரால சார்?"

இருதயராஜுக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது. "சிஸ்டம் சார்" என்றார்.

தாமதத்தால் காகிதம் பழசாயிற்று. பழசானதால் இன்னும் தாமதம் ஆயிற்று. வேறு யாராக இருந்தாலும் ஃபைலைத் தூக்கி எறிந்துவிட்டு வட்டிக்கடைக்காரரிடம் போயிருப்பார்கள். சக்கரபாணி போகவில்லை. விக்கிரவாண்டி வழியாக விழுப்புரத்துக்கு எத்தனை தரம் பஸ் ஏறினார் என்று அவருக்கே தெரியாது. கம்பத்தடியில் நிற்பது போலத்தான் அவர் அந்த ஆபீசிலும் நின்றார். பேப்பர் வரட்டும். முனியம்மாளின் மகன் வேறு ஆளைப் பார்க்கலாம் என்று குதித்தான். அவள் இரண்டு முறை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கெடுவை நீட்டிக் கொடுத்தாள்.

பங்குனியில் செந்தாமரைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. குடம் தூக்கினால் உட்கார்ந்துவிடுவாள். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் இதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். எத்தனை நாள் என்று அவரும் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை.

வாடகை வீட்டுக்காரர் வெங்கடாசலம் கெட்டவர் இல்லை. மேல் மாடியில் அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒருநாள் சக்கரபாணியைத் தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நெனச்சிக்காதப்பா. கடன் எப்ப ஆவுமாம்? இல்ல, புள்ளத்தாச்சிப் பொண்ணு மேல இருக்குது. அதான்…"

 சக்கரபாணிக்குப் புரிந்துவிட்டது. உள்ளே கட்டிலில் படுத்திருந்த செந்தாமரைக்கும் கேட்டுவிட்டது.

சித்திரை முடிகிற சமயம் முனியம்மாள் வந்தாள். முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துச் சக்கரபாணி முன்னால் நீட்டினாள்.

"இந்தா தம்பி. வூடு சும்மாதான் கெடக்குது. நாளைக்கு நல்ல நாளு. இவள இட்டுக்கினு வந்து பால காச்சிட்டுக் குடி இரு. உன் கம்பெனிக்காரன் எப்ப தர்றானோ அப்ப பத்திரம் பண்ணிக்கலாம்."

செந்தாமரை கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாதமாக அந்த முகத்தில் இல்லாத வெளிச்சம் வந்தது. "போய்டலாமே, இன்னாங்க?" என்றாள்.

சக்கரபாணி சாவியை வாங்கவில்லை.

"இல்லக்கா. பத்திரம் ஆவாம கால வெக்கறது முறையில்ல. நாளைக்கு கடன் ஆவலன்னு சொல்லிட்டான்னா? பால காச்சிட்டு மறுபடி சட்டி பானையத் தூக்கிக்கினு வெளிய வர்றதா? அத விடவா அசிங்கம்? சென்னையிலேந்து அடுத்த வாரம் வந்துடும்னு சொல்லிக்கிறாங்க. லைன் கிளியர் வரட்டும்."

"இன்னா கிளியரோ" என்று முனியம்மாள் சாவியை மறுபடி முடிந்துகொண்டாள். "எனுக்கு நீ இன்னா காயிதமா குடுத்த? உன் மொகத்தப் பாத்துத்தானே வெச்சிக்கினு இருக்கேன்?"

 செந்தாமரை மெல்லப் படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பேச்சை அவள் ஒரு தரம்கூடத் தட்டியதில்லை. அன்றைக்காவது தட்டியிருக்கலாம் என்று சக்கரபாணி இன்றைக்கும் நினைக்கிறார்.

அடுத்த வாரம் ஆறு வாரம் ஆயிற்று. ஆனி பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை இருதயராஜ் போன் பண்ணி வரச் சொன்னார். மகள் அம்பிகாவை முகையூரிலிருந்து வரவழைத்துத் துணைக்கு வைத்துவிட்டுச் சக்கரபாணி போனார்.

"சாங்ஷன் ஆயிடுச்சி சார்!" என்று இருதயராஜ் எழுந்து கை கொடுத்தார். "ஒரே ஒரு வேலைதான் பாக்கி. பத்திரத்துல உங்க வீட்டம்மா பேரும் சேக்கறதால அவங்களும் நேர்ல வந்து கையெழுத்து போடணும்."

"அவளால வாசலுக்கே நடக்க முடியல சார். நீங்க யாராச்சும் வந்து வாங்கிக்க முடியாதா?"

"ரூல் இல்ல சார். கார்ல இட்டுக்கினு வந்தாகூடப் போதும். அஞ்சு நிமிஷ வேலை."

அவள் பேரை எடுத்துவிட்டால் அன்றைக்கே முடிந்துவிடும் என்றும் சொன்னார். சக்கரபாணி மாட்டேன் என்றார். அவள் பேர் இல்லாமல் அந்த வீடு எதற்கு? மறுநாள் காரில் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டும்போது அம்பிகாவின் போன் வந்தது. அழுகைதான் கேட்டது. மணி பதினொன்றரை இருக்கும். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு திண்டிவனம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். உட்கார இடம் இருந்தது.

வீட்டு வாசலில் வெங்கடாசலம் அழுதுகொண்டு நின்றார். அழுதுகொண்டேதான் சொன்னார்: "கோச்சுக்காதப்பா. மாசமா இருக்கற பொண்ணு. ஜல்தியா ஊருக்கு எட்டுனு போறதுக்கு வேனு நான் சொல்றேன். காசு நான் குடுக்கறேன்."

பதினாறு வருடத்துக்கு முன்னால் அவள் குடை பிடித்து நின்ற அதே மாதிரி ஒரு தெரு. அதே மாதிரி ஒரு கேட்.  சக்கரபாணி அவளுக்குக் கொடுத்தது ஒரே ஒரு வாக்கு. அதைக் காப்பாற்றத் துப்பில்லை என்பது அந்த வாசலில் நின்றபோதுதான் உறைத்தது.

அப்போது தெருமுனையில் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள் முனியம்மாள். உள்ளே போய்ச் செந்தாமரையின் முகத்தைத் தடவிவிட்டு வெளியே வந்தாள்.

"வூட்டத் தொறந்து, கூட்டி, தண்ணி தெளிச்சிட்டு வந்துருக்கேன். எட்டாந்து படுக்க வை."

"அக்கா, பத்திரம் ஆவல. இன்னும் அது உங்க வூடு. பால் காச்சாத வூட்ல மொதல்ல பொணத்த வெச்சா நாளைக்கு எவன் வாங்குவான்?"

"நீ வாங்குவ இல்ல?"

 முனியம்மாளுக்கு அதற்குள் ஆத்திரம் பொங்கிவிட்டது. அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"அன்னிக்கு நான் சாவி குடுத்தப்ப வாங்கியிருந்தா அவளே நடந்து வந்துருப்பாளேடா பாவி!"

சொல்லிவிட்டு அவளே அவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். 

நாலு தெரு தூரம்தான். ஏழெட்டு நிமிடத்தில் கொண்டுபோய்விட்டார்கள். வீடு பூட்டிக் கிடந்ததால் கரண்டைத் துண்டித்திருந்தார்கள். ஐஸ் பெட்டி வந்து இறங்கியும் ஓட வைக்க முடியவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் ஏணியோடு வந்துவிட்டார்கள். அதில் ஒருத்தர் கம்பத்தடியில் நின்று தயங்கினார்.

"அண்ணே, அஞ்சு நிமிஷம். அப்டியே ஏறி மாட்டிடட்டுமா? இல்ல, எல்.சி. கேக்கட்டுமா?"

"கேளு" என்றார் சக்கரபாணி. "வராம ஏறாத."

வெயிலில் எல்லோரும் இருபது நிமிடம் காத்துக்கொண்டு நின்றார்கள். கம்பத்துக்கு அதுதான் சரி. இன்னொரு வீட்டில் இன்னொருத்தி அழக்கூடாது. கம்பத்துக்குச் சரியான ஒன்றை வாசல்படிக்கும் சரி என்று நினைத்ததுதான் தன் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய தப்பு என்று அந்த இருபது நிமிடத்தில் அவருக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோசனம்?

பின்னால் நடந்ததெல்லாம் சுருக்கம். கருமாதி முடிந்து இருதயராஜே ஃபைலை எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு வந்தார். ரூல் இல்லை என்று சொன்ன வாயால் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் ஃபைலின் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்தது இந்த முறை சக்கரபாணி. "ஒரே ஒரு பேப்பர் சார்" என்று இருதயராஜ் ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அது செந்தாமரையின் இறப்புச் சான்று. அதைக் கொடுத்ததும் வேலை மளமளவென்று நடந்தது. ஆடி போய் ஆவணியில் பத்திரம் ஆயிற்று. பத்திரத்தில் ஒரே பேர்தான். இறந்தவர் பேரைச் சேர்க்க முடியாதாம். பால் காய்ச்சலாம் என்று அம்பிகா கேட்டாள். "உங்கம்மா வந்து காச்சுவா" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. 2013இல் ரிட்டையர் ஆகிவிட்டார். முனியம்மாள் தினமும் மத்தியானம் ஒரு குழம்புக் கிண்ணத்தோடு வந்து, அவர் சாப்பிட்டாரா என்று திட்டிவிட்டுப் போவாள்.

ஆனால் அவள் போன மறுநாள், அந்தப் புதன்கிழமைக் காலை இருக்கிறதே. பெட்டியிலிருந்து செந்தாமரையை எடுத்துப் பெஞ்சில் கிடத்தி, வாசலில் குளிப்பாட்டுவதற்காக நாலு பேர் தூக்கினார்கள். முன்னால் பிடித்த இரண்டு பேரும் நெட்டை ஆட்கள். நிலைக்கதவை நெருங்கியதும் பழக்கத்தில் தலையைக் குனிந்து பெஞ்சைத் தாழ்த்தப் போனார்கள். பின்னால் தலைமாட்டில் பிடித்திருந்த சக்கரபாணி அவசரமாகச் சொன்னார்.

"குனியாதீங்க. இடிக்காது."

இடிக்கவில்லை.